ஹோல்சேல் சாரும் மல்லிகாவின் தள்ளுவண்டியும்

லாபத்துக்காகக் காவிரியைக் கடந்தவர்களில் ஹோல்சேல் சாரை மிஞ்சியவர் சோழர் காலத்திலிருந்து இன்றுவரை யாரும் கிடையாது. பாலம் கட்டாத காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படையெடுத்து வந்தவர்கள்கூட ஒரு முறையாவது கைக்காசை இழந்து திரும்பியிருப்பார்கள். சார் திரும்பும்போது இரண்டு கையிலும் கட்டைப்பை இருக்கும், தோளில் ஒரு ஜோல்னாப்பை இருக்கும், முகத்தில் அக்கரை முழுவதையும் ஏமாற்றிவிட்டு வந்த ஒரு அமைதி இருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தப் பெயரை யாரும் உபயோகித்ததில்லை. கூரியர் கொண்டுவரும் பையன்கள்கூட வாட்ச்மேனிடம் ஹோல்சேல் சார் வீடு எது என்றுதான் கேட்பார்கள்.

ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர், கோந்து பாட்டில், துடைப்பம் என்று எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்கள் ஓய்வு பெறும் அன்று அந்த விதியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். சார் அதையும் மாலையோடும் சால்வையோடும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொத்தமல்லிக்கும் மூன்று கொட்டேஷன்தான். ஒரு நாள் அவர் மனைவி சரோஜா அக்கா அவசரத்துக்குத் தீப்பெட்டி கேட்டபோது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள், அதற்கு ஒரு கொட்டேஷன் போதும் என்றாராம். பக்கத்து வீடு நாங்கள்தான்.

நாங்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே அவர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். நான் மூலைக் கடையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது வழியில் நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். யாரோ எனக்கு வேண்டியவர் தவறிவிட்டதைச் சொல்ல வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஸ்ரீரங்கம்னா எல்லாரும் கோயில்னு மட்டும்தான் நினைக்கிறாங்க. இது தீவும்மா. அந்தப் பக்கம் காவேரி, இந்தப் பக்கம் கொள்ளிடம். இங்க விக்கிற ஒவ்வொரு கத்தரிக்காயும் பாலம் தாண்டி வந்தது. அது வந்த செலவை யார் தலையில கட்டுறாங்க?"

நான் விடவில்லை. இந்தத் தீவிலேயே விளைகிற வாழைக்காய் எந்தப் பாலத்தைத் தாண்டியது என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது அக்கரையில காந்தி மார்க்கெட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வருதும்மா. ரெண்டு தடவை தாண்டுது."

அன்றிலிருந்து மூலைக் கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்து போகப் பழகிக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனபோது ஊரில் எத்தனையோ பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். சரோஜா அக்காவால் முடியவில்லை. செய்தியைப் படித்து முடித்துப் பேப்பரை மடித்து வைத்த சார், எதிரே காபி ஆற்றிக்கொண்டிருந்த தன்னை மேலும் கீழுமாகப் பார்த்தார் என்றும், மாட்டுச் சந்தையில் வண்டிமாட்டை அப்படித்தான் பார்ப்பார்கள் என்றும் அக்காவே என்னிடம் சொன்னார். லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து அக்காவும் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. எந்தக் காய், எவ்வளவு, எந்த மண்டியில் என்பதெல்லாம் சாரின் முடிவு. சுமக்க மட்டும் அக்கா.

ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவர்களும் இருந்தார்கள். அக்காவின் மடியில் ஒரு பரங்கிக்காய். அதற்குப் பின்னால் அக்கா இருக்கிறார் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கண்டக்டர் வந்து இதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். சார் கோபப்படவில்லை. இது அந்த அம்மாவின் காய், அந்த அம்மாவுக்கே டிக்கெட் இல்லை, அப்புறம் காய்க்கு எப்படி டிக்கெட் என்று மெதுவாகக் கேட்டார். பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிப் பாலம் ஏறி மாம்பழச்சாலை வரும்வரை கண்டக்டர் யோசித்தார். பிறகு தேவைக்கு மேலேயே நீளமாக ஒரு விசில் ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்து பஸ்ஸெல்லாம் பைபாஸ் வழியாகச் சுற்றிய மாதங்களில் நாங்கள் தினமும் புலம்பினோம். சார் மட்டும், ஏறக்குறைய அதே டிக்கெட்டுக்கு எவ்வளவு தூரம் கூட்டிப் போகிறான் பார் என்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் தன் வீட்டுக்கு மட்டும் ஹோல்சேலாக இருந்திருப்பார். ஒரு நாள் கட்டடத்தில் இருந்த எல்லோரையும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிட்டார். இனி ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் காய் வாங்குவது மடத்தனம், மொத்தமாக மூட்டையில் எடுத்து மொட்டைமாடியில் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் தார்ப்பாய் விரித்து, பழைய தராசு ஒன்றை வைத்துக்கொண்டு சார் உட்காருவார். நாங்கள் வாளியும் கூடையுமாக வரிசையில் நிற்போம். விலை உண்மையிலேயே குறைவுதான். முதல் மாதம் நாங்கள் அவரைத் தெய்வமாகவே பார்த்தோம்.

இரண்டாவது மாதத்தில்தான் ஒரு விஷயம் புரிந்தது. மூட்டையாக வாங்கினால் மூட்டையாகத்தான் சாப்பிட வேண்டும். சௌசௌ மலிவாக இருந்த வாரம் கட்டடம் முழுக்கச் சௌசௌ. கீழ்வீட்டில் கூட்டு, நடுவீட்டில் பொரியல், மேல்வீட்டில் தோல் துவையல். என் கணவர் ஆபீசில் டிபன் டப்பாவைத் திறக்காமலே என்ன காய் என்று சொல்லிப் பந்தயம் ஜெயிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் யாரும் அவரோடு பந்தயம் கட்ட வரவில்லை.

பூவன் வாழைத்தார்கள் வந்த வாரம் அதைவிட மோசம். தார் தாராக எல்லார் வீட்டிலும் தொங்கியது, எல்லாம் ஒரே நாளில் பழுத்துவிட்டது. தின்றோம், விருந்தாளிகளுக்குக் கொடுத்தோம், விருந்தாளிகள் வருவதை நிறுத்தினார்கள். அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பசுமாடு ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு நாள் ஆசையாகத் தின்றது. மூன்றாம் நாள் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

சாரிடம் போய்ப் போதும் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. விடியும் முன்னே எழுந்து, எங்களுக்காகப் பேரம் பேசி, வெயிலில் மூட்டையோடு வந்து நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? அந்த வேலைக்காக அவர் எங்களிடம் ஒரு பைசா எடுத்துக்கொண்டதில்லை. தார்ப்பாயில் கடைசியாக மிஞ்சும் அழுகின காய்தான் எப்போதும் அவர் வீட்டுப் பங்கு.

இப்படி இருக்கும்போதுதான் கொத்தமல்லிப் பிரச்சினை வந்தது.

தராசு இரவல் வாங்கப் போன நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை ஒரு வாய் வைத்தவர் நிறுத்தினார். கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு இலையை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சரோஜா, இது நம்ம கொத்தமல்லி இல்லையே."

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"இல்ல. இது என் கொத்தமல்லி. மல்லிகாகிட்ட வாங்கினேன்."

மல்லிகா எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய் விற்கிறவர். நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே காலையில் எங்கள் கேட்டில் வண்டியை நிறுத்திக் குரல் கொடுப்பவர். அவர் கேட்டில் நிற்பதை விட்டுக் கொஞ்ச நாளாகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்ன விலை என்று சார் கேட்டார். அக்கா சொன்னார். சார் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா பேசியதை நான் மறக்கவில்லை.

"இத்தனை வருஷமா நீங்க வாங்கிட்டு வந்ததைத்தான் சமைக்கிறேன். இன்னிக்கு என்ன சமைக்கலாம்னு நானா யோசிச்சு ஒரு கட்டு கீரை வாங்கினதில்ல. அது போகட்டும். அந்தப் பொண்ணு வண்டியை விக்கப் போறா, தெரியுமா உங்களுக்கு? இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் வாங்கறதில்ல. அடுத்த கட்டடத்துக்காரங்களும் நம்மளப் பாத்து மூட்டை வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவற வேலை கேட்டிருக்கா."

சார் கையை உதறி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தராசைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது சார் தெருமுனையில் மல்லிகாவின் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். வண்டியில் வாடின வெண்டைக்காயும் கொஞ்சம் தக்காளியும்தான். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சண்டை வந்துவிடுமோ என்று நானும் நின்றேன். சார் கேட்டது ஒன்றுதான், இந்தக் காயை எங்கே எடுக்கிறாய் என்று. வேனில் கொண்டுவருகிற ஒருவரிடம் இங்கேயே எடுத்துக்கொள்வதாகவும், தனியாக மார்க்கெட்டுக்குப் போனால் ஆட்டோ கூலிக்கே சரியாகிவிடும் என்றும் மல்லிகா வேண்டா வெறுப்பாகச் சொன்னார்.

"அப்ப நீ ரீடெயில்ல வாங்கி ரீடெயில்ல விக்கிறியா?" என்றார் சார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்ட டாக்டரின் குரல் அது. தன்னால் ஒரு பிழைப்பு கெட்டது அவரை இரவெல்லாம் வருத்தியிருக்கும். ஆனால் ஒரு மனுஷி அரை நூற்றாண்டு கொட்டேஷன் சரித்திரத்தில் இல்லாதபடி இப்படி வாங்குகிறாளே என்பதும் அதற்குக் குறையாமல் வருத்தியது, முகத்திலேயே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் தார்ப்பாய் விரிக்கவில்லை. சார் நின்றபடியே, குழுவைக் கலைப்பதாகவும் இனி எல்லோரும் மல்லிகாவிடம் அவரவருக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். நாங்கள் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொண்டிருக்கலாம். கீழ்வீட்டுக்காரர் கைதட்டிவிட்டார். இன்னொருவர் அழுகிற மாதிரி சிரித்தார். சார் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தராசை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு மூன்று நாள் எங்களில் யாருடனும் அவர் பேசவில்லை.

பேச நேரமும் இல்லை. தினமும் விடியற்காலையில் மல்லிகாவோடும் இன்னும் இரண்டு வண்டிக்காரர்களோடும் லோடு ஆட்டோவில் கூலியைப் பங்கு போட்டுக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஒரு கட்டடத்துக்காக வாங்கினபோதே மண்டிக்காரர்களை அழவைத்தவர். இப்போது மூன்று வண்டிக்கு. அவர் தலை தெரிந்ததும் ஒரு மண்டிக்காரர் கல்லாவில் தன் மருமகனை உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாராம். மருமகன் சார் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு மாமனாரிடம் திட்டு வாங்குவானாம். மல்லிகா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வண்டியில் காலிஃப்ளவர் வந்தது, பட்டாணி வந்தது, அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாத்திரம் கழுவும் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஆனால் வண்டி கேட்டுக்கு வந்தால் சார் வேறு ஆள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, பீன்ஸைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து, விலை அதிகம் என்பார்.

"சார், காலைல நீங்கதானே இந்த விலைக்கு எடுத்துக் குடுத்தீங்க?"

"அப்ப நான் உன் ஆளு. இப்ப நான் கஸ்டமர்."

பேரம் முடிந்து காய் வாங்கினதும் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்பார். மல்லிகா கொடுக்க மாட்டார். எங்கள் எல்லோருக்கும் கேட்காமலே கொடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் மல்லிகா காய்ச்சலில் படுத்துவிட்டார். மூட்டு வலியோடு வரும் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. எடுத்துவந்த காய் வீட்டில் கிடந்து அழுகிப்போகும் என்ற நிலையில் சார் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆபீசராக ஓய்வு பெற்றவர், சட்டையை இன் பண்ணி, மூக்குக்கண்ணாடியோடு உத்தர வீதியில் தள்ளுவண்டி தள்ளுகிறார் என்ற செய்தி நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் வரைக்கும் வண்டியில் ஒரு காய்கூட லாபத்துக்கு விற்கவில்லை. காரணம் சாரேதான். வாங்க வந்த அம்மா ஒருவர் தக்காளி விலை கேட்டிருக்கிறார். சார் விலையைச் சொல்லிவிட்டு, நான் இதை இவ்வளவுக்குத்தான் எடுத்தேன், நீங்கள் ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அந்த அம்மா எடுத்த விலைக்கே கேட்க, சார் அதையும் மறுக்க முடியாமல் நின்றிருக்கிறார். அடுத்தவரிடம், பாலம் தாண்டினால் இதைவிட மலிவு என்று சொல்லி அவரை பஸ் ஏற்றியே அனுப்பிவிட்டாராம்.

செய்தி கேள்விப்பட்டு சரோஜா அக்கா இறங்கி வந்தார். சாரை வண்டியின் பின்பக்கம் போகச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது, தள்ள மட்டும் வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அந்தக் காட்சியைப் பார்த்தேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நின்று, இந்த அவரைக்காயைத் தேங்காய் போட்டு வதக்கிப் பாருங்க, இந்த முள்ளங்கியைச் சாம்பாருக்கு எடுத்துக்குங்க என்று வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அன்றைய சமையலைத் தீர்மானித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்த சமையலோ. கூட்டம் கலையவில்லை. பின்னால் சார் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் எதையோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முதுகைப் பார்த்து மூடிக்கொண்டிருந்தார்.

மல்லிகா தேறி வரும்வரை இரண்டு பேரும் அப்படித்தான் வண்டி தள்ளினார்கள். கல்லாக் காசை அக்கா அப்படியே மல்லிகாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி வந்தால் முதலில் இறங்குவது அக்காதான், கையில் தன் சொந்தப் பர்ஸோடு. சார் மாடியிலிருந்தே விலை கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கீழே வர மாட்டார்.

போன வருஷம் நாங்கள் அக்கரையில் காட்டூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே தீவும் இல்லை, பாலமும் இல்லை. தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. யாரும் என் பையைத் திறந்து பார்ப்பதில்லை, அது கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது.

பங்குனி மாதம் ஒரு நாள் உச்சிவெயிலில் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. வியர்த்து வழிந்துகொண்டு சார் நின்றார், கையில் ஒரு பை நிறைய மாவடு. உள்ளே வந்து தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே, காட்டூரில் மாவடு என்ன விலை விற்கிறான் என்று வரும் வழியிலேயே இரண்டு கடையில் விசாரித்துவிட்டதாகவும், காந்தி மார்க்கெட்டில் எடுத்ததால் எனக்கு எவ்வளவு மிச்சம் என்றும் விலாவாரியாகச் சொன்னார். மாவடுவுக்கு உரிய காசை எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய் அதிகம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம், சத்திரத்தில் பஸ் மாறிக் காட்டூர், திரும்பவும் அதே மாதிரி. பெண்களுக்கில்லாத டிக்கெட் அவருக்கு உண்டு. அந்தச் செலவை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்த தடவை வரும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி, பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து போனேன்.